விற்றமின் குளிசையும் உடலின் காவலும்

மாரி மழை பிடித்து, வாவியின் நீர் கலங்கி உயர்ந்து, எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே தோணியில் போகிறவர்கள் தலையைத் துவாயால் போர்த்திக்கொள்ளும் காலம் வந்துவிட்டால், மட்டக்களப்புப் பாமசிகளின் முன்னால் ஒரே கோரிக்கை திரும்பத் திரும்பக் கேட்கும்: “தம்பி, பிள்ளைக்கு விடாத தடிமன்; சக்தி வாறதுக்கு ஒரு விற்றமின் தாங்க.” கேட்கின்ற தாயின் கவலை மெய்யானது, அவள் முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பணமும் எளிதில் வந்ததன்று. ஆனால் அந்தக் கோரிக்கையில் மூன்று வினாக்கள் விடுபட்டுப் போயின. எந்த விற்றமின்? எவ்வளவு? எந்தக் குறையைத் தீர்ப்பதற்கு? இம்மூன்றையும் கேட்கப் பழகிய குடும்பம் வீண்செலவிலிருந்தும் வீண்பயத்திலிருந்தும் தப்பும். அத்துடன், உண்மையாகவே குளிசை தேவைப்படும் வேளையில் அதைத் தவறவிடாமலும் இருக்கும். அப்பழக்கத்தை உண்டாக்குவதே இவ்வத்தியாயத்தின் நோக்கம்.

1. காவல் என்பது யாது?

நோயெதிர்ப்புச் சக்தி என்றவுடன் பலரும் அதை விளக்கில் ஊற்றும் எண்ணெயைப்போலக் கருதி, ஊற்ற ஊற்றச் சுடர் உயரும் என்று எண்ணிக்கொள்கின்றனர். அதன் இயல்பு வேறு. தோலும், மூக்கு, தொண்டை, குடல் ஆகியவற்றின் உட்புறத்தை மூடிய மெல்லிய சவ்வும் முதல் வேலி. அவ்வேலியைத் தாண்டி வரும் கிருமியை எதிர்கொள்ளும் வெண்குருதிக் கலங்கள் இரண்டாவது காவல். ஒருமுறை கண்ட கிருமியை நினைவில் வைத்து, மறுமுறை அது வரும்போது விரைந்து பிறபொருளெதிரிகளை உண்டாக்கும் ஆற்றல் மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றோடொன்று இசைந்து, வேண்டிய பொழுது எழுந்து, வேலை முடிந்தபின் அடங்கினால்தான் சரீரம் சுகமாயிருக்கும். அடங்க வேண்டிய இடத்தில் அடங்காமல் எழுந்து நிற்கும் காவலே ஒவ்வாமையாகவும், தன் மூட்டுகளையே தான் தாக்கும் வாதநோயாகவும் மாறுகின்றது.

வாவிக்கரையில் வாழ்வோர்க்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று. பாலமீன்மடு முகத்துவாரத்தில் மணல் அடைத்துக் கிடக்கும்போது பெருமழை பெய்தால் படுவான்கரை வயல்கள் நீரில் மூழ்குகின்றன; அவசரப்பட்டு வேளையல்லாத வேளையில் ஆற்றுவாயை வெட்டினாலோ, நன்னீர் வடிந்து உப்புநீர் உட்புகுந்து பயிருக்குக் கேடு விளைகின்றது. எப்போது வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது என்பதை அறிந்தவர் கையில்தான் வயலும் மீனும் ஒருங்கே வாழ்கின்றன. உடலின் காவலும் அவ்வாறே ஒரு சமநிலை. அதில் குறை நேர்ந்தால் அதை நிரப்ப வேண்டும். குறையில்லாத இடத்தில் மேலும் கொட்டுவது காவலைக் கூட்டாது.

2. உயிர்ச்சத்து கண்டறியப்பட்ட கதை

இந்தக் கருத்து வெறும் உவமையன்று. விற்றமின் கண்டறியப்பட்ட வரலாறே இதற்குச் சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சாவகத் தீவில் பணியாற்றிய எய்க்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய வெள்ளையரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசியைக் கொடுத்ததும் அவை எழுந்து நடப்பதையும் கண்டார். பெரிபெரி என்னும் நரம்புத் தளர்ச்சி நோய்க்குக் காரணம், இருக்கவேண்டிய ஒன்று ஆகாரத்தில் இல்லாமையே என்பது அதன்வழி படிப்படியாகத் தெளிந்தது. 1912-இல் காசிமிர் ஃபங்க் என்பவர் இத்தகைய பொருள்களுக்கு ‘விற்றமின்’ என்னும் பெயரை இட்டார். அந்தப் பெரிபெரியை ஆராயும்பொருட்டு 1918-இல் நீலகிரியிலுள்ள குன்னூரில் ராபர்ட் மக்கரிசன் தொடங்கிய சிறு ஆய்வகமே பின்னர் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இந்திய நாட்டின் போஷாக்கு ஆராய்ச்சி நிலையமாயிற்று.

நம் நாட்டுக்கும் இக்கதையில் ஓரிடம் உண்டு. இலங்கையில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் என்னும் வைத்தியர், முழங்கையிலும் தொடையிலும் தோல் தடித்து முள்முள்ளாக எழும் ஒரு நிலையை ஆகாரக் குறையால் வருவதென விவரித்து, தேரையின் தோல் என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினார். 1933-இல் அது வெளியாயிற்று. அந்தி சாய்ந்தவுடன் வாசற்படி தெரியாமல் பிள்ளை தடுமாறும் மாலைக்கண், முரசிலிருந்து இரத்தம் கசிதல், வாயோரம் வெடித்தல் ஆகிய இவையெல்லாம் அக்கால வைத்தியர்கள் கண்ணால் கண்டு கற்ற எழுத்துகள். அவர்கள் கண்டது குறை. குறை நீங்கியபோது நோய் நீங்கியது. குறையே இல்லாதவனுக்கு அதே பொருளை இரட்டிப்பாகக் கொடுத்தால் இரட்டிப்புச் சுகம் வரும் என்று அவ்வரலாறு எங்கும் சொல்லவில்லை.

3. குறையுள்ள இடத்தில் குளிசையின் வலிமை

குளிசையால் பிரயோசனமே இல்லை என்று இதனால் யாரும் முடிவு கட்டிவிடலாகாது. குறை உள்ள இடத்தில் ஒரு சொட்டு உயிர்ச்சத்து செய்யும் உபகாரம் வியக்கத்தக்கது. அல்பிரட் சொம்மர் என்னும் கண்வைத்தியர் இந்தோனேசியாவில் மாலைக்கண் உள்ள பிள்ளைகளை ஆராய்ந்தபோது, அப்பிள்ளைகள் பார்வையை மட்டுமன்றி உயிரையும் இழக்கும் ஆபத்தில் இருப்பதைக் கண்டார். அச்சே மாகாணத்துக் கிராமங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விற்றமின் ஏ கொடுத்து நடத்திய ஆய்வு 1986-இல் வெளியானபோது, அதைப் பெற்ற கிராமங்களில் பிள்ளைகளின் மரணம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது.

அதற்குப் பின் வந்த சான்று தமிழ் மண்ணிலிருந்தே வந்தது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 15,419 பாலர்களைக் கொண்ட ஓர் ஆய்வில், வாரந்தோறும் வீட்டுக்கே சென்று, அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆகாரத்தில் கிடைக்கக்கூடிய அளவை ஒத்த சிறு அளவு விற்றமின் ஏ கொடுத்துப் பார்த்தார்கள். இலட்சுமி ரகமத்துல்லாவும் அவருடைய சகாக்களும் 1990-இல் வெளியிட்ட முடிவின்படி, அதைப் பெற்ற பாலர்களிடையே மரணம் 54 வீதம் குறைந்தது. காரணம் இதுதான்: விற்றமின் ஏ குறைந்தால், முன்னே சொன்ன முதல் வேலியாகிய சவ்வு வறண்டு வெடிக்கின்றது, வேலி வெடித்த வளவுக்குள் வயிற்றோட்டமும் சின்னமுத்தும் தடையின்றி நுழைகின்றன, சத்துக் கிடைத்ததும் வேலி மீண்டும் கூடுகின்றது. பின்னாளில் வட இந்தியாவில் பத்து இலட்சம் பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில் அந்நன்மை மிகச் சிறிதாகவே தென்பட்டது. அது ஏன் என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். இடமும் காலமும் பிள்ளைகளின் நிலையும் மாறும்போது அதே மருந்தின் பயனும் ஒரே அளவாய் நிற்பதில்லை என்பதை மட்டும் நாம் மனத்தில் இருத்திக்கொள்வோம்.

4. குறையில்லாத இடத்தில் நேர்வது

இனி, அங்காடியில் அதிகம் விலைப்படும் குளிசைகளைப் பார்ப்போம். 1970-இல் லைனஸ் போலிங் என்னும் பெரும் விஞ்ஞானி விற்றமின் சீயைப் பேரளவில் உட்கொண்டால் தடிமன் வராது என்று எழுதிய நூல் உலகெங்கும் பரவியது. அதன்பின் நடந்த ஆய்வுகளில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்குகொண்ட 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது யாதெனில், சாதாரண மக்கள் நாள்தோறும் விற்றமின் சீ எடுத்தாலும் தடிமன் வருவது குறையவில்லை. வந்த தடிமன் நீடிக்கும் காலம் மட்டும் பெரியவர்களில் ஏறத்தாழ 8 வீதமும் பிள்ளைகளில் 14 வீதமும் குறைந்தது. பெரியவரின் ஏழு நாள் தடிமன் ஆறரை நாளில் தீர்வதாக இதைக் கொள்ளலாம். நெடுந்தூர ஓட்டக்காரரும் கடுங்குளிரில் பயிற்சி பெறும் படைவீரரும்போலச் சரீரத்தை மிக வருத்துவோரிடம் மாத்திரம் தடிமன் பாதியாகக் குறைந்தது. தும்மல் தொடங்கியபின் குளிசையைத் தேடி ஓடினோர்க்கு நிச்சயமான பயன் எதுவும் தென்படவில்லை.

பயனில்லாதது ஒருபுறமிருக்க, தீங்கும் நேர்வதுண்டு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு நடத்திய பேராய்வில், கரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டீனைக் குளிசையாக எடுத்தோரிடையே நுரையீரற் புற்றுநோய் 18 வீதம் கூடியது என்பது 1994-இல் வெளிப்பட்டது. கரட்டைக் கடித்துத் தின்றால் தீங்கில்லை. அதன் ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுத்துப் பேரளவில் விழுங்கியதே வினையாயிற்று. ஆகையால் புகைபிடிப்போர் அக்குளிசையின் பக்கம் போகவே கூடாது.

ஏ, டீ, ஈ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரைந்து உடலில் தங்குபவை. மிஞ்சினால் தேங்கி நஞ்சாகலாம். கர்ப்பிணி ஒருத்தி நாள்தோறும் 10,000 ஐ.யூ. (சர்வதேச அலகு) அளவுக்கு மேல் விற்றமின் ஏயைக் குளிசையாக எடுத்தால் கருவிலுள்ள சிசுவுக்கு அங்கப் பழுது நேரக்கூடும். விற்றமின் டீ பெரியவர்க்கு நாளொன்றுக்கு 4,000 ஐ.யூ. அளவைத் தாண்டலாகாது, தாண்டினால் இரத்தத்தில் கல்சியம் ஏறிச் சிறுநீரகம் வருந்தும். நீரில் கரைவதால் விற்றமின் சீ முழுவதும் சிறுநீரில் போய்விடும் என்று அலட்சியம் செய்வோரும் உண்டு. ஆயினும் பேரளவில் எடுப்போர்க்குச் சிறுநீரகக் கல் உண்டாகும் வாய்ப்புக் கூடுகின்றது. நாகச் சத்தை நெடுநாள் அளவின்றி எடுத்தால் உடலில் செம்புச் சத்துக் குறைகின்றது. பீ6-ஐப் பேரளவில் நெடுங்காலம் எடுத்தோர்க்குக் கால் நரம்புகள் மரத்துப்போனதும் உண்டு.

5. யாருக்கு எந்தக் குளிசை?

மேற்கூறியவற்றின் சாரத்தைக் குடும்பத்தின் தேவைக்கேற்ப இங்கே வகுத்துத் தருகின்றோம்.

கர்ப்பிணிகளுக்கு: கிளினிக்கில் இலவசமாக வழங்கப்படும் இரும்பும் போலிக் அமிலமும் சேர்ந்த குளிசை, விற்றமின் சீ, கல்சியம் ஆகியவற்றை ஒரு நாளும் விடாமல் எடுக்க வேண்டும். இரும்புக் குளிசையையும் கல்சியத்தையும் ஒரே வேளையில் விழுங்கினால் ஒன்றை மற்றொன்று தடுக்கும். ஆகவே ஒன்றைப் பகலிலும் மற்றதை இரவிலுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரும்பை விற்றமின் சீயுடன் எடுத்தால் உடல் நன்றாக ஏற்கும். தேநீருடன் எடுத்தால் பெரும்பகுதி வீணாகும். மலம் கறுப்பது இரும்பின் இயல்பு. அதைக் கண்டு பயந்து குளிசையைக் கூரை முகட்டில் செருகிவைப்போர் பலர். பிள்ளை வேண்டுமென்று எண்ணும் நாளிலிருந்தே போலிக் அமிலத்தைத் தொடங்குவது உத்தமம். சிசுவின் முள்ளந்தண்டு கருவுற்ற முதல் நான்கு வாரங்களுக்குள், தாய் தான் கர்ப்பிணி என்பதை அறியுமுன்பே, உருவாகிவிடுகின்றது.

சிசுக்களுக்கும் பாலர்களுக்கும்: முதல் ஆறு மாதமும் தாய்ப்பாலே போதும், பிறந்தவுடன் சுரக்கும் மஞ்சள் நிற முதற்பாலில் தாயின் பிறபொருளெதிரிகள் நிறைந்துள்ளன, அதைப் பீய்ச்சிக் கொட்டுவது பெரும்பிழை. ஆறாம் மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படும் விற்றமின் ஏ பேரளவை மருத்துவமாதுவிடம் கேட்டுப் பெற்று, பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் குறிக்கச் செய்யுங்கள். கிளினிக்கில் பெற்ற அளவு போதாதென்று கடையிலும் அதையே வாங்கிக் கொடுக்காதீர்கள்.

நிறை குன்றிய பிள்ளைக்கு: 1973 முதல் நம் நாட்டில் வழங்கப்பட்டுவரும் திரிபோஷா, சோளமும் சோயாவும் கலந்து உயிர்ச்சத்துகளும் தாதுக்களும் சேர்த்த மா. அது வீட்டிலுள்ள எல்லார்க்குமாகப் பிட்டவிக்கப்பட்டால், யாருக்காக வந்ததோ அப்பிள்ளைக்கு ஒரு பிடிகூட மிஞ்சாது. பெயர் எழுதிய பிள்ளைக்கே கொடுங்கள்.

வயிற்றோட்டத்தின்போது: உடல் இழந்த நீரை ஈடுசெய்யும் ஜீவனிக் கரைசலோடு நாகச் சத்துக் குளிசையும் பிள்ளைக்கு வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்டோர்க்கு நாளொன்றுக்கு 20 மி.கி., அதற்குட்பட்டோர்க்கு 10 மி.கி., பத்து முதல் பதினான்கு நாள்வரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முறை. வயிற்றோட்டம் நின்றாலும் நாட்கணக்கை முடிக்க வேண்டும்.

முற்றாக மரக்கறி உண்போர்க்கும், நீரிழிவுக்காக மெட்போமின் குளிசையைப் பல வருடங்களாக எடுப்போர்க்கும்: பீ12 குறையக்கூடும். கால் விறைப்பும் நாவெரிவும் களைப்பும் இருப்பின் வைத்தியரிடம் சொல்லிப் பரிசோதியுங்கள்.

வெயில் படாதோர்க்கு: படுத்த படுக்கையான முதியோர், வீட்டுக்கு வெளியே அரிதாகவே வருவோர், உடல் முழுவதையும் மூடி நடப்போர் ஆகியோர்க்கு, வெயில் நிறைந்த இந்தக் கரையிலும் விற்றமின் டீ குறையலாம். அவர்களுக்கு வைத்தியரின் ஆலோசனையுடன் சிறு அளவு தகும்.

இரத்தம் உறையாமலிருக்க வோபரின் எடுப்போரும், சிறுநீரக நோயாளரும், சிறுநீரகக் கல் வந்து தீர்ந்தோரும் வைத்தியரைக் கேளாமல் எந்த விற்றமினையும் தொடங்கலாகாது.

6. வாவிக்கரையின் அடுப்பங்கரை

மேற்கூறிய வகைகளில் அடங்காத சுகதேகிகளுக்கு, அவர்கள் வேண்டுகின்ற உயிர்ச்சத்துகளில் பெரும்பகுதி வளவிலும் வாவியிலுமே கிடைக்கின்றது. அதைக் கெடுக்காமல் சமைப்பதே கலை.

வேலியோரத்து முருங்கையிலை, பொன்னாங்காணி, அகத்தி, வல்லாரை, உள்ளே மஞ்சளாயிருக்கும் வற்றாளைக் கிழங்கு, பூசணி, பப்பாசி, மாம்பழம் ஆகியவை உடலில் விற்றமின் ஏயாக மாறும் பொருளை உடையன. அப்பொருள் கொழுப்பின் துணையின்றி உடலில் ஏறாது. முருங்கையிலைச் சுண்டலுக்குத் தேங்காய்ப்பூத் தூவுவதும், கீரையைத் தேங்காய்ப்பாலில் கடைவதும் சுவைக்காக மட்டும் வந்த வழக்கங்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அவை இல்லாவிடின் இலையின் சத்தில் பெரும்பங்கு வந்த வழியே போய்விடும். ஏழைக் குடும்பம் செலவைக் குறைக்க எண்ணித் தேங்காயை நிறுத்திவிட்டு விற்றமின் புட்டி வாங்குவது, அணையை உடைத்துவிட்டு வாளியால் நீர் இறைப்பதற்கு ஒப்பாகும்.

சொதியை அடுப்பிலிருந்து இறக்கியபின் தேசிக்காய்ப்புளி விடுவது நம் பெண்களின் வழக்கம். பால் திரையாமலிருக்கவே அப்படிச் செய்வதாக அவர்கள் சொல்வார்கள். அதனால் இன்னொரு நன்மையும் விளைகின்றது. விற்றமின் சீ வெப்பத்தில் அழியும்; இறக்கியபின் விட்ட புளியில் அது பெரும்பாலும் பிழைக்கின்றது; சோற்றிலும் கீரையிலுமுள்ள இரும்பை உடல் ஏற்பதற்கும் அது துணை புரிகின்றது. வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு வேண்டிய விற்றமின் சீ ஏறத்தாழ 45 மி.கி.; ஒரு நடுத்தரக் கொய்யாப்பழத்தில் அதற்கு மேலாகவே உள்ளது. நெல்லிக்காய் அதனினும் சிறந்தது. இத்தகைய பழம் காய்க்கும் வளவை உடையவர், நீரில் போட்டால் நுரைத்தெழும் ஆயிரம் மி.கி. குளிசைக்குப் பணம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

நெல்லை அவித்துக் குற்றும்போது தவிட்டின் பீ1 சத்து அரிசியின் உள்ளே இறங்கிக்கொள்கின்றது; ஆதலால் வெள்ளைப் பச்சையரிசியைவிட அவித்த சிவப்பரிசி மேலானது. அரிசியை ஏழெட்டுத் தண்ணீரில் கழுவுவதும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் அச்சத்தை வாய்க்காலில் விடுவதாகும். நெத்தலி, கீரி, சூடைபோன்ற சிறுமீன்களைத் தலையோடும் முள்ளோடும் உண்ணக்கூடியவாறு சமைத்தால் கல்சியமும் விற்றமின் ஏயும் சேர்ந்தே கிடைக்கும். எருமைத் தயிர் இப்பிரதேசத்தின் செல்வம். அதில் புரதமும் பீ12-உம் உள்ளன. சாப்பிட்ட கையோடு தேநீர் அருந்தாமல் ஒரு மணி நேரம் பொறுத்தால், உண்ட இரும்பு வீணாகாது. பிள்ளை பெற்ற தாய்க்குச் சரக்குக்கறி கொடுக்கும் வழக்கம் நன்று. ஆனால் பத்தியத்தின் பெயரால் மீனையும் பழத்தையும் கீரையையும் மாதக்கணக்கில் விலக்குவது, பால் கொடுக்கும் உடலுக்குச் செய்யும் கொடுமை.

7. புட்டியை வாங்குமுன்

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பொதி அனுப்பும்போது பெரிய விற்றமின் புட்டிகளையும் பாசத்தோடு வைத்து அனுப்புகின்றனர். இலண்டனில் குளிர்காலத்தில் சூரியனைக் காண்பது அரிது. அதனால் அங்குள்ள அரசாங்கமே இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டீ எடுக்கலாமென மக்களுக்கு அறிவுறுத்துகின்றது. மகனுக்கு அங்கே தகுந்தது, களுவாஞ்சிகுடியில் நாள்முழுதும் வெயிலில் நிற்கும் தகப்பனுக்கும் தகும் என்பது நியதியன்று. பொதியில் வந்த ஒவ்வொரு புட்டியையும் ஒருமுறை வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள்.

லேபிளைப் படிக்கும்போது ஐந்தைக் கவனியுங்கள். முதலாவது, எந்தெந்தச் சத்து எவ்வளவு. விற்றமின் டீயில் 1 மைக்ரோகிராம் என்பது 40 ஐ.யூ. என்றும், விற்றமின் ஏயில் 1 மைக்ரோகிராம் என்பது ஏறத்தாழ 3.3 ஐ.யூ. என்றும் நினைவில் கொண்டால் இலக்கங்கள் உங்களை மயக்கா. இரண்டாவது, ஒரே சத்து இரண்டு மூன்று புட்டிகளில் இருக்கின்றதா என்பது. கூட்டு விற்றமின், மீனெண்ணெய், சத்துமா என்று தனித்தனியே எடுப்பவர் ஒரே விற்றமின் ஏயை மும்முறை விழுங்குகின்றார். மூன்றாவது, காலாவதித் திகதி. நான்காவது, நம் நாட்டின் மருந்து ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பதிவு. ஐந்தாவது, மருந்தின் பொதுப்பெயர். பேராசிரியர் சேனக பிபிலே முன்னின்று 1971-இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கியபோது இந்நாட்டு மக்களுக்கு வற்புறுத்திய பாடம் இதுவே: வணிகப் பெயருக்கு விலை கொடாதே, பொதுப்பெயரால் மருந்தைக் கேள். “விற்றமின் சீ நூறு மில்லிகிராம் இருக்கா, தம்பி? விலை குறைஞ்சதாப் பாத்துத் தாங்க” என்று கேட்பதில் எவ்வித வெட்கமும் இல்லை.

கடற்காற்றின் ஈரம் நுரைக்கும் குளிசைகளை விரைவில் கெடுக்கும். மூடியை இறுக மூடி, அடுப்பிலிருந்து விலக்கி, வெயில் படாத உயரத்தில் வையுங்கள். பழுப்பேறிய குளிசையை எறிந்துவிடுங்கள். இனிப்பைப்போலச் செய்த விற்றமின்களைப் பிள்ளைகள் கைநிறைய அள்ளித் தின்பதுண்டு. இரும்புக் குளிசைகளைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு ஓட வேண்டும்.

8. குளிசை தடுக்காத நோய்கள்

2020 டிசம்பரில், கொரோனாப் பயம் நாட்டைப் பீடித்திருந்த வேளையில், கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணி மருந்து அந்நோயைத் தடுக்கும் என்ற செய்தி பரவ, ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து வரிசையில் நின்றனர். தொற்றைத் தவிர்க்கத் தேடிய மருந்தே தொற்றுக்கு வழிசெய்யும் கூட்டமாயிற்று. பயம் வந்த மனம் எதையாவது பற்றிக்கொள்ளும். அவ்வேளையில் பற்றத்தக்கது எது என்பதை முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பது நம் கடமை.

மழை விட்டபின் வரும் டெங்குவுக்கு எந்த விற்றமினும் தடையன்று. நீர் தேங்கும் சிரட்டையையும் டயரையும் அகற்றுவதே தடை. காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் தவிர வேறு வலிநிவாரணி கொடாது, நீராகாரம் கொடுத்து, இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். படுவான்கரை வயலில் இறங்கும் உழவனை எலிக்காய்ச்சலிலிருந்து காப்பது சக்திக் குளிசை அன்று. காலிற் புண்ணோடு சேற்றில் இறங்காமையும், சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையில் கேட்டுப் பெறும் தடுப்பு மருந்துமே அவனைக் காக்கும். நாட்டில் 1978 முதல் விரிவாக நடந்துவரும் தடுப்பூசித் திட்டம், உடலின் மூன்றாவது காவலாகிய நினைவாற்றலை நேராகவே பழக்குகின்றது. அந்த வேலையைச் செய்யும் குளிசை உலகில் எங்கும் இல்லை. மல்லித்தண்ணி தொண்டைக்கு இதம் தரும், அருந்துங்கள். ஆனால் மூன்று நாள் நீங்காத காய்ச்சலோடு அதை மட்டும் நம்பி வீட்டில் இருக்காதீர்கள். இரவுத் தூக்கம், கொதித்தாறிய நீர், சவர்க்காரமிட்டுக் கழுவிய கை, புகையும் மதுவும் இல்லாத வீடு ஆகிய இவை விலையின்றிக் கிடைக்கும் காவல்கள்.

முடிவாக, பாமசியின் முன்னால் நிற்கும் அத்தாய்க்கு ஒரு வார்த்தை. பணப்பையைத் திறக்குமுன், அம்மா, வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். நிறைக்கோடு ஏறியிருக்கின்றதா? தடுப்பூசிகள் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கின்றனவா? விற்றமின் ஏ கடைசியாகக் கொடுத்த திகதி யாது? கர்ப்ப காலத்தில் உங்களுக்குத் தந்த இரும்புக் குளிசையில் எத்தனை இன்னும் அலுமாரியில் கிடக்கின்றன? பதிவேட்டில் இடைவெளி இருந்தால் நாளையே கிளினிக்குக்குப் போய் மருத்துவமாதுவிடம் காட்டுங்கள். பெரும் ஆய்வுகளில் தேறிய உயிர்ச்சத்துகளே அங்கே இலவசமாகக் காத்திருக்கின்றன. இடைவெளி இல்லையாயின், கையிலுள்ள பணத்துக்குச் சந்தையில் ஒரு கட்டுக் கீரையும், நாலு கொய்யாப்பழமும், ஒரு தேங்காயும், ஒரு கூறு சிறுமீனும் வாங்கிக்கொண்டு போங்கள்.